மத்தாப்புப் பெட்டி அணில்

ஆடி மாதத்தில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. சிவகாசிப் பக்கம் ஓவியர் கூட்டமும் வைக்கக் கூடாது. ஞானபூரணி டீச்சருக்கு இது தெரியவில்லை. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. விருதுநகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராக இருப்பவருக்கு எங்கள் ஊர் ஆடியின் லட்சணம் எப்படித் தெரியும்.

எங்கள் ஊரில் அடுத்த வருசத்துக் காலண்டர் மாதிரிகள் இருக்கிற ஆல்பத்தை ஆடிப்பெருக்கு அன்று பூசை போட்டுத்தான் வெளியே எடுப்பார்கள். அதுவரைக்கும் புதுப் படம் ஒன்றுகூட அச்சக வாசலைத் தாண்டக் கூடாது. தாண்டினால் எதிர்த்த அச்சகக்காரன் அதையே கொஞ்சம் மாற்றிப் போட்டு ஆர்டரைப் பிடித்துக்கொள்வான். அதனால் அந்த நாட்களில் படம் போடுகிற ஆட்கள் டீக்கடையில்கூட அடுத்த அச்சகத்து ஆள் பக்கத்தில் உட்கார மாட்டோம். உட்கார்ந்தால் மறுநாள் காலையில் முதலாளி, "என்னம்மா, நேத்து டீ நல்லாருந்துச்சா?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் எங்களுக்குத் தெரியும்.

நான் பானுப்பிரியா. ஒரு அச்சகத்தில் காலண்டருக்கும் பட்டாசுப் பெட்டிக்கும் படம் போடுகிறேன். முதலில் தாளில் வரைந்து, பிறகு கம்ப்யூட்டரில் வண்ணம் கொடுப்பேன். இந்த ஊரில் அச்சாகாத பேர் என்று ஒன்று கிடையாது. அல்வாக் கடை, அடகுக் கடை, கட்சிக்காரர், காணாமல் போனவர், எல்லார் பேரும் அச்சாகும். என் பேர் அச்சானது என் கல்யாணப் பத்திரிகையில் மட்டும்தான். அதிலும் என் பேரைவிடத் தாய்மாமன் பேர் பெரிசு.

டீச்சர் பள்ளி ஆண்டு மலர் அச்சடிக்க எங்கள் அச்சகத்துக்கு வருவார். அப்படித்தான் பழக்கம். ஒருநாள் போன் செய்தார். "பானு, வர்ற ஞாயித்துக்கிழமை இங்கன ஒரு மண்டபத்துல உள்ளூர் ஓவியர்களுக்குத் தொழில் வளர்ச்சிச் சந்திப்பு வச்சிருக்கோம். நாலு பேரைத் தெரிஞ்சுக்கிறலாம். சென்னையில இருந்து சுகிர்தான்னு ஒருத்தங்க வர்றாங்க, சின்னப் பிள்ளைக புத்தகம் போடுறவங்க. ஒரு புத்தகத்துக்குப் படம் போட இங்கன ஆள் தேடுறாங்க. அட்டையில வரைஞ்சவங்க பேரு வரும்."

"அட்டையிலயா டீச்சர்?"

"அட்டையிலதான்."

அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. சின்ன வயதில் தீபாவளிக்குப் புதுத்துணி வாங்கி வைத்துவிட்டுப் படுத்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. என் வீட்டுக்காரர் காளீஸ்வரன் பட்டாசுக் கம்பெனிக்கு ஆள் ஏற்றுகிற வேன் ஓட்டுகிறார். "போயிட்டு வா. அங்கன போயி வாயைத் திறந்து பேசு. இங்கன என்கிட்ட பேசுறதுல பாதி பேசுனாப் போதும்" என்றார்.

சீசனில் ஞாயிற்றுக்கிழமையும் எங்களுக்கு வேலை உண்டு. முதலாளியிடம் விருதுநகரில் சொந்தத்தில் ஒரு காதுகுத்து என்று சொல்லி லீவு வாங்கினேன். புதுப் படம் எதையும் எடுக்க முடியாது. கடைக்கு வந்துவிட்ட பழைய பட்டாசுப் பெட்டிகளில் ரகசியம் ஒன்றும் இல்லை என்பதால் நான் படம் போட்ட பெட்டிகளில் நல்லதாகப் பார்த்து ஒரு பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் எனக்கு முன் சீட்டிலும் ஒரு பை இருந்தது. அதிலும் பெட்டிகள். பையின் சொந்தக்காரர் என்னைப் பார்த்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் திரும்பிக்கொண்டேன்.

மண்டபத்தில் பார்த்தால் அப்படிப்பட்ட பைகள் நிறைய. போர்டு எழுதுகிறவர்கள், கோயில் சுவரில் படம் போடுகிறவர்கள் என்று சிலர் கலகலப்பாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். சிவகாசிக்காரர்கள் மட்டும் பையை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கிவிட்டுக் காத்திருப்பவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தோம். டீச்சர் மைக்கைப் பிடித்து, எழுந்து பேரைச் சொல்லி, என்ன வரைகிறீர்கள், எங்கே வேலை செய்கிறீர்கள் என்று சொல்லச் சொன்னார்.

ஒருத்தர் எழுந்தார். "பிரிண்டிங் லைன்ல இருக்கேன்." உட்கார்ந்தார். அடுத்தவர் எழுந்தார். "நானும் பிரிண்டிங் லைன்தான்." என் முறை வந்தது. காளீஸ்வரன் சொன்னது ஞாபகம் வந்தது. வாயைத் திறந்தேன். "பிரிண்டிங் லைன்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

குரூப் போட்டோ எடுக்கலாம் என்றபோது கூத்து இன்னும் பெரிதாகிவிட்டது. எல்லாருமே "நான் எடுக்கேன், நீங்க நில்லுங்க" என்று போனைத் தூக்கினோம். நிற்க ஆள் இல்லை. போட்டோ எப்படியும் யாராவது முதலாளி கைக்குப் போய்விடும். அப்போதுதான் மெதுவாக விசாரித்ததில் விசயம் வெளியே வந்தது. எங்களில் முக்கால்வாசிப் பேர் அவரவர் அச்சகத்தில் காதுகுத்து என்றுதான் சொல்லிவிட்டு வந்திருந்தோம். ஒருத்தர் மட்டும் பாட்டி செத்துப்போனதாகச் சொல்லியிருந்தார். டீச்சருக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஆவணியில வச்சிருப்பேன்ல" என்றார்.

சிரித்ததில் இறுக்கம் கொஞ்சம் விட்டது. சுகிர்தா எழுந்து பேசினார். நாற்பது வயது இருக்கும். அலட்டல் இல்லாத பெண். தன்னிடம் ஒரு கதை இருக்கிறது, தீபாவளி அன்று வெடிச் சத்தத்துக்குப் பயந்து கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும் ஒரு நாயின் கதை, அதற்குப் படம் போட இந்த ஊர்க்காரர் ஒருவர் வேண்டும் என்றார். "ரகசியமானது எதுவும் வேண்டாம். கடையில கிடைக்கிறதைக் காட்டுங்க போதும். ஒருத்தரைத்தான் எடுக்க முடியும். சாயங்காலம் போறதுக்குள்ள முடிவு பண்ணிடுவேன்" என்றார்.

நீள மேசை போட்டார்கள். எல்லாரும் பெட்டிகளைப் பரப்பினோம். நான் என்னுடைய கம்பி மத்தாப்புப் பெட்டியை முதலில் வைத்தேன். அதில் ஒரு அணில், எரியும் மத்தாப்பைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு சிரிக்கும். நான் போட்டதிலேயே எனக்குப் பிடித்தது அதுதான்.

எனக்குப் பக்கத்தில், பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்ட மனிதர் தன் பையைத் திறந்தார். அவரும் ஒரு மத்தாப்புப் பெட்டியை எடுத்து வைத்தார். அதிலும் அணில். அதே மத்தாப்பு. அதே சிரிப்பு.

இதை வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒரு கம்பெனியின் பெட்டி நன்றாக ஓடினால், அடுத்த கம்பெனிக்காரர் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து தன் அச்சகத்தில் வைத்து, "இதே மாதிரி வேணும். ஆனா இதுவா இருக்கக் கூடாது" என்பார். படம் போடுகிறவர் வாலை நீட்டி, நிறத்தை மாற்றி, ஏதோ செய்து கொடுப்பார். அடுத்த வருசம் அந்தப் பெட்டி என் மேசைக்கு வரும், அதே வசனத்தோடு. பல வருசமாக என் படத்தை ஒரு கை இப்படி மாற்றிக்கொண்டிருந்தது. அந்தக் கை மாற்றியதை நான் திரும்ப மாற்றிக்கொண்டிருந்தேன். ஆள் யார் என்று தெரியாது. வாத்து வரைந்தால் ஒரு மாதிரி கழுத்தைச் சாய்க்கிற ஆள் என்று மட்டும் தெரியும். மனசுக்குள் நான் அவருக்கு வைத்திருந்த பேர் திருட்டுப்பய.

திருட்டுப்பய என் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தலை கொஞ்சம் நரைத்த, ஒல்லியான மனிதர். மெதுவாகக் கேட்டார். "நீங்கதானா அது? கோழிக்குஞ்சுக்குக் கண்ணு பெரிசாப் போடுவீகளே?"

"வாத்துக்குக் கழுத்தைச் சாய்க்கிறது நீங்கதானா?"

"நான்தான். பாண்டிச்செல்வம்" என்றார். "நான் உங்களை ஆம்பளைன்னுல்ல இம்புட்டு நாளும் நினைச்சிருந்தேன். எத்தனை நாள் ஏசியிருக்கேன் தெரியுமா?"

"நான் ஏசுனதைச் சொன்னா நீங்க எந்திரிச்சுப் போயிருவீக அண்ணாச்சி."

அவர் சிரிக்க ஆரம்பிக்கும்போது சுகிர்தா வந்துவிட்டார். என் அணிலைப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினார். பாண்டிச்செல்வத்தின் அணிலைப் பார்த்தார். சிரித்தார். எடுத்துக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். "இது அருமையா இருக்கே. வாய் சிரிக்குது, உடம்பு பயப்படுது. இந்தக் காலைப் பாருங்க, ஓடறதுக்குத் திரும்பியாச்சு. எனக்கு என் நாய் இப்படித்தான் வேணும்." பிறகுதான் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"ரெண்டும் ஒரே படமா இருக்கே. இதுல யார் முதல்ல வரைஞ்சது?"

மேசையைச் சுற்றி நின்ற சிவகாசிக்காரர்கள் எல்லாருக்கும் நடந்தது என்னவென்று தெரியும். அவரவர் மாற்றிப் போட்ட பெட்டியும் அங்கே இருந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் சுகிர்தா. "முன்னாடி ஒரு புத்தகத்துக்குப் படம் போட்டவங்க, அடுத்தவங்க படத்தை மாத்திக் குடுத்துட்டாங்க. அச்சடிச்சதை எல்லாம் திரும்ப வாங்க வேண்டியதாப் போச்சு. நான் சின்னப் பதிப்பகம், இன்னொரு தடவை தாங்காது. அதனால முதல்ல வரைஞ்சவங்க யாருன்னு தெரியணும்."

நான் சொல்லவில்லை. வாய்வரை வந்தது; ஒரு மனிதரைப் பத்துப் பேர் முன்னால் காட்டிக்கொடுப்பதா என்று நின்றேன். பாண்டிச்செல்வம் ஒரு நிமிசம் தன் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அணில் அவங்களுது. நான் அதைப் பாத்து மாத்திப் போட்டதுதான்" என்றார். பெட்டியை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

சுகிர்தா என்னைப் பார்த்து, "சாப்பிட்டுட்டுப் பேசலாம். அநேகமா நீங்கதான்" என்றார்.

எனக்குச் சந்தோசமாக இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். சாப்பாட்டுப் பந்தியில் தெரியாதவர்கள் எல்லாம் வந்து கை கொடுத்தார்கள். டீச்சர் என் இலையில் ஒரு அப்பளம் கூடுதலாக வைக்கச் சொன்னார். அட்டையில் என் பேர் எந்த நிறத்தில் இருக்கும் என்றுகூட யோசித்துவிட்டேன். ஆனால் ஒன்று மட்டும் முள் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது. சுகிர்தா சிரித்தது என் அணிலைப் பார்த்து இல்லை. அந்தக் காலைப் பார்த்து.

அந்தக் கால் எனக்கும் தெரியும். பாண்டிச்செல்வம் மாற்றிய பெட்டி அடுத்த வருசம் என் மேசைக்கு வந்தபோது அதைப் பார்த்திருக்கிறேன். இந்த ஆளுக்குக் கால் வரையத் தெரியவில்லை என்று நினைத்து, நேராகத் திருத்திப் போட்டேன். கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாக அன்றைக்கு ஒரே பெருமை.

பாண்டிச்செல்வம் சாப்பிட்டுவிட்டு வெளியே வேப்பமரத்தடியில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். போய்க் கேட்டேன். "கிளம்பிட்டீகளா அண்ணாச்சி?"

"ஆமாம்மா. பஸ்ஸு இருக்கு. நல்லாச் செய்ங்க. நம்ம லைன்ல ஒருத்தரு பேரு அட்டையில வருதுன்னா நல்லதுதானே."

"அந்தக் காலு. நான் அதை வரையத் தெரியாமப் போட்டதுன்னு நினைச்சு ஒரு வருசம் திருத்திப் போட்டேன்."

"பாத்தேன், பாத்தேன்" என்று சிரித்தார். "உங்க அணிலை நேராவே வரைஞ்சு பாத்தேன். எனக்கு வரல. நம்ம வீட்ல ஆனைக்குட்டம் பக்கம் பட்டாசுக் கம்பெனி வேலைக்குப் போறாக. எங்கிட்டாவது சத்தம் கேட்டா என் காலு அப்படித்தான் திரும்பிக்கும், அவுக இருக்கிற பக்கம் ஓட. வாயி பக்கத்துல இருக்கிறவன்கிட்ட சிரிச்சுப் பேசிட்டுத்தான் இருக்கும். ஆர்டர் குடுத்த பார்ட்டிக்கு அணிலு சிரிச்சாப் போதும். சிரிச்ச வாயை மட்டும்தான் பாத்தாக. காலைப் பாத்தது இன்னைக்கு அந்தம்மாதான்."

எங்கள் ஊரில் வெடிச் சத்தம் கேட்டுக் கைதட்டுகிறவர்கள் வெளியூர்க்காரர்கள். நாங்கள் எந்தத் திசை என்று பார்ப்போம். என் வீட்டுக்காரர் வேனில் ஏற்றிக்கொண்டு போன ஆட்களை எல்லாம் சாயங்காலம் திரும்ப இறக்கிவிட்டு வந்த பிறகுதான் எனக்கும் மூச்சு ஒழுங்காக வரும். இத்தனை வருசம் பட்டாசுப் பெட்டிக்குப் படம் போட்ட நான் அதை ஒரு கோட்டில்கூடக் கொண்டுவரவில்லை. இந்த மனிதர் ஒரு அணிலின் பாதத்தில் கொண்டுவந்திருந்தார். அதையும் நான் அழித்துவிட்டேன். அவர் முன்னால் நிற்கவே வெட்கமாக இருந்தது.

"பஸ்ஸு அடுத்து வரும். ஒரு நிமிசம் இங்கனயே நில்லுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

சுகிர்தா கை கழுவிக்கொண்டிருந்தார். வாயைத் திறந்து பேசினேன். எங்கள் அச்சகங்களில் மாற்றிப் போடுவது எப்படி நடக்கிறது என்று சொன்னேன். "அணில் என்னுது. ஆனா நீங்க சிரிச்ச கால் அவரோடது. உங்க நாய்க்கு வேணும்னு சொன்ன பயம் என்கிட்ட இல்ல. நான் அதைத் தப்புன்னு நினைச்சுத் திருத்துன ஆளு" என்றேன்.

அவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "நீங்க இதைச் சொல்லாம இருந்திருந்தா புத்தகம் உங்களுக்குத்தான். தெரியுமா?"

"தெரியும் மேடம்."

"இப்ப எனக்குத் தெரியலை. ரெண்டு பேரையும் விட்டுட்டு வேற ஆளைப் பாக்குறதுதான் எனக்குப் பத்திரம்." துண்டை மடித்து வைத்துவிட்டு, "அவர் இருக்காரா, போயிட்டாரா?" என்றார்.

பாண்டிச்செல்வத்தைக் கூட்டிவந்தேன். சுகிர்தா எங்கள் முன்னால் கதையில் ஒரு பக்கத்தையும் ஒரு பெரிய தாளையும் வைத்தார். "ஊர் பூரா வெடிக்குது. நாய் கட்டிலுக்கு அடியில இருக்கு. இங்கேயே வரைங்க. ரெண்டு பேரும்."

அவரும் நானும் ஒரே மேசையில் உட்கார்ந்ததே இல்லை. முதலில் கை ஓடவில்லை. எல்லாரும் சுற்றி நின்று பார்ப்பது வேறு கூச்சமாக இருந்தது. பிறகு நான் எங்களுக்குத் தெரிந்த வழியில் ஆரம்பித்தேன். கட்டிலை வரைந்து, அடியில் நாயை முழுசாக வரைந்து, தாளை அவர் பக்கம் தள்ளினேன். "இதே மாதிரி வேணும் அண்ணாச்சி. ஆனா இதுவா இருக்கக் கூடாது."

சுற்றி நின்ற சிவகாசிக்காரர்கள் அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பில் பாண்டிச்செல்வத்தின் கையும் இளகியது. கட்டிலின் விரிப்பைத் தரைவரைக்கும் இழுத்துவிட்டார். என் நாய் மறைந்துபோனது. மூக்கு நுனி மட்டும் வெளியே இருந்தது, வாலும். தான் ஒளிந்துகொண்டதாக நாய் நினைத்துக்கொண்டிருக்கிறது. தாள் திரும்ப என்னிடம் வந்தது. நான் விரிப்பின் ஓரத்தைக் கொஞ்சம் தூக்கி, நாய்க்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பிள்ளையைப் படுக்க வைத்தேன். புதுச்சட்டை போட்ட பிள்ளை. அது தன் காதைப் பொத்தவில்லை; இரண்டு கையாலும் நாயின் காதைப் பொத்திக்கொண்டிருந்தது. அவர் அதை வாங்கி, பிள்ளையின் கண்ணை மட்டும் மாற்றினார். கண் கதவைப் பார்த்தது, இன்னும் வீட்டுக்கு வராத யாரையோ எதிர்பார்ப்பது போல. அதற்குமேல் நான் ஒன்றும் செய்யவில்லை. செய்ய ஒன்றும் மிச்சமில்லை.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சுகிர்தா தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு ஆளுக்கு உண்டான சம்பளம்தான் என்னால குடுக்க முடியும். ரெண்டு பேரும் பகிர்ந்துக்கணும். அட்டையில ரெண்டு பேரோட பேரையும் போடலாம். சம்மதமா?"

பாண்டிச்செல்வம் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவரும் ஆட்டினார். "புத்தகம் எப்ப வரும் மேடம்?" என்று கேட்டார்.

"ஜனவரியில."

"அப்பச் சரி. ஆடி போயிரும்" என்றார். மறுபடியும் ஒரே சிரிப்பு.

சுகிர்தா ஒரு கறுப்புப் பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார். "வரைஞ்சவங்க பேரை நீங்களே உங்க கையால எழுதுங்க. அட்டையில அப்படியே போட்டுக்கறேன்."

பேனாவை வாங்கினேன். தாளின் மூலையில் வைத்தேன். எழுத வரவில்லை. நகைக் கடைக்கும் நாட்டு மருந்துக் கடைக்கும் எத்தனை விதமாக எழுத்துப் போட்டிருக்கிறேன். ஊரான் பேரை வளைத்து, நெளித்து, நிழல் கொடுத்து எழுதின கை, என் பேரின் முதல் எழுத்திலேயே நின்றுவிட்டது. எவ்வளவு பெரிசாகப் போடுவது, எங்கே போடுவது, ஒன்றும் தெரியவில்லை. கூச்சத்தில் கண் கலங்கியது. பேனாவைப் பாண்டிச்செல்வத்திடம் கொடுத்தேன். அவரும் குனிந்தார். அவர் கையும் அப்படியே நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்து, "முடியலையே தங்கச்சி" என்றார்.

பிறகு அவர் மறுபடி குனிந்து, பானுப்பிரியா என்று எழுதினார். தயங்காமல், ஒவ்வொரு எழுத்தையும் அழகாக எழுதினார். என் பேர் இவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பேனாவை வாங்கி அதற்குக் கீழே, அதே அளவில், பாண்டிச்செல்வம் என்று நான் எழுதினேன்.